ஷூ கட்டாயம்

கசினோவின் பளிங்குப் படியில் ஆறுச்சாமி வெறுங்காலுடன் நின்றார். கோட்டுப் போட்டு, சட்டையில் கழுத்துப் பட்டன் வரை மாட்டியிருந்தார். ஷூ இரண்டும் இடது கையில் தொங்கின. சாக்ஸை உருட்டி அதற்குள்ளேயே திணித்திருந்தார்.

பஸ்ஸில் கூட வந்த கோயமுத்தூர்க்காரர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். "கோயிலுன்னு நெனச்சுட்டாருங்க போல," என்றார் ஒருவர். "தேங்கா பழத்தட்ட எங்கீங்க காணம்?" என்று அவர் மனைவி எடுத்துக்கொடுத்தாள்.

மகன் கௌதமனுக்குக் காது சுட்டது.

ஒரு காலத்தில் ராஜாக்கள் வந்து சூதாடிய ஜெர்மன் கசினோ அது. உள்ளே போக என்னென்ன வேண்டும் என்று டூர் கைடு பஸ்ஸிலேயே சொல்லியிருந்தார். ஆண்களுக்குக் கோட்டு வேண்டும், ஜீன்ஸ் கூடாது, மூடிய ஷூ கட்டாயம். வாசலில் பாஸ்போர்ட் பார்ப்பார்கள், உள்ளே போட்டோ எடுக்க விடமாட்டார்கள். ஆட வேண்டும் என்று கட்டாயமில்லை, தங்க விளக்கையும் ஓவியக் கூரையையும் பார்த்துவிட்டுச் சும்மா வரலாம்.

கௌதமன் ஒன்றையும் மறக்கவில்லை. உடையில் ஒரு குறை சொல்லி அப்பாவை யாரும் வாசலில் நிறுத்திவிடக் கூடாது. டூருக்குப் பெயர் கொடுத்த நாளிலிருந்து அவனுக்கு இருந்த பயம் அதுதான். மற்றவர்களுக்கு மில் இருந்தது, நகைக்கடை இருந்தது. அவன் அப்பா பீளமேட்டில் ஒரு பவுண்டரியில் மணல் அள்ளி ஓய்ந்தவர். அதற்கு முன்னால் எங்கே இருந்தார் என்று அவர் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை.

புறப்படும் முன் தினமும் காலையில் ரேஸ் கோர்ஸில் அவரை ஷூவோடு நடக்கப் பழக்கினான். பாரிஸில் நன்றாகத்தான் நடந்தார். சுவிட்சர்லாந்தில் பனியில் நின்று போட்டோவுக்குச் சிரித்தார். நேற்றிலிருந்துதான் இந்தக் கூத்து. பஸ்ஸை விட்டு இறங்கினால் ஷூ கைக்குப் போய்விடுகிறது. கேட்டால் கடிக்கிறது என்கிறார்.

சிரிக்காமல் நின்றவர் சென்னகிருஷ்ணன் ஒருவர்தான். ஸ்பின்னிங் மில் முதலாளி. லண்டனில் மகளைப் பார்த்துவிட்டு நேற்றுத்தான் குழுவில் வந்து சேர்ந்திருந்தார். கௌதமனுக்கு டை கட்டிவிட்டதே அவர்தான். காலையில் ஓட்டலில் அப்பாவையும் மகனையும் தன் மேசைக்குக் கூப்பிட்டார். ஆறுச்சாமி உட்காரவில்லை. ஜன்னல் ஓரம் நின்றபடியே ரொட்டியைத் தின்று முடித்தார். அதற்கும் கௌதமன்தான் மன்னிப்புக் கேட்டான்.

வெள்ளைக் கையுறை போட்ட வாசல்காரப் பெண் ஆறுச்சாமியின் காலைப் பார்த்துக் கூடாது என்று தலையாட்டினாள். ஷூ சேரவில்லை என்றால் வேறு அளவில் இரவல் தருவதாக மரியாதையாகத்தான் சொன்னாள். அவர் அதையும் வேண்டாம் என்றார். பின்னால் வரிசையில் நின்ற வெள்ளைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

சென்னகிருஷ்ணன் இறங்கி வந்தார். "ஏனுங்க பெரியவரே, வயசானாக் குனிய முடியாதுங்க. உக்காருங்க, நான் மாட்டி உடறேன்."

சொன்னதோடு நிற்காமல் படியில் ஒரு முழங்காலை ஊன்றி ஷூவுக்குக் கை நீட்டினார். ஆறுச்சாமி துள்ளிப் பின்னால் போனார். ஷூ கை நழுவிப் படியில் உருண்டது. "வேண்டாமுங்க சாமி, வேண்டாமுங்க," என்று கும்பிட்டார். இந்த முறை வெள்ளைக்காரர்களும் சிரித்தார்கள்.

கௌதமன் அவர் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான். "ஒரு ஷூ மாட்டறதுக்கு இத்தன கூத்தாப்பா? உன்னக் கூட்டீட்டு வந்ததே தப்பு."

ஆறுச்சாமி படியில் கிடந்த ஷூவைப் பொறுக்கிக்கொண்டார். நீ போய்ப் பார்த்துவிட்டு வா, நான் வெளியே இருக்கிறேன் என்பது போலக் கையைக் காட்டினார்.

கௌதமன் திரும்பி வந்து சென்னகிருஷ்ணனிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "மன்னிச்சுக்குங்க சார். அவருக்கு நாகரிகம் தெரியாதுங்க."

"அதனால என்னங்க, விடுங்க. வெள்ளந்தியான மனுசன், பாவம்," என்று அவர் முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளே போனார். மற்றவர்களும் போனார்கள். பித்தளைக் கைப்பிடி வைத்த பெரிய கதவு மூடிக்கொண்டது.

கௌதமனுக்குப் போக மனம் வரவில்லை. உள்ளே போய் யார் முகத்தில் விழிப்பது என்று தெரியவில்லை. டையைத் தளர்த்திக்கொண்டு படியிறங்கித் தோட்டத்துக்கு வந்தான்.

ஆறுச்சாமி பெஞ்சில் உட்கார்ந்து நிதானமாகச் சாக்ஸை மாட்டிக்கொண்டிருந்தார். ஷூவுக்குள் காலை நுழைத்தார். யார் உதவியும் இல்லாமல் குனிந்து கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டார். எழுந்து, குதிகாலைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

கௌதமனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இப்ப மட்டும் கடிக்கலையா?"

அவர் மூடிய கதவை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"உனக்கு டை கட்டி உட்டாரே, அவுங்க தோட்டத்துலதான் நான் பண்ணையத்துக்கு இருந்தேன் கண்ணு. பண்ணாடி உள்ள போயிட்டாரில்ல, இனிப் போட்டுக்கலாம்."