நாலு நாளில் இறுகும் தகடு

"ரெண்டு தகடு வெச்சிருக்கேன். ஒண்ணை எடு. தப்பா எடுத்தியோ, வந்த ரயில்லயே அரக்கோணம் திரும்பிப் போ" என்றார் பிரபுதாஸ்.

"சரிங்க மாமா" என்றான் தானியேல்.

"இன்னும் மாமா ஆவலை. ஐயான்னு கூப்பிடு."

கதவுக்குப் பின்னால் தேவசுந்தரி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பிரபுதாஸின் ஒரே மகள். கட்டினால் தானியேலைத்தான் கட்டுவேன் என்று அவள் சொன்னதிலிருந்து வீட்டில் அப்பாவும் மகளும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை. யுத்தம் முடிந்து, விமானப் பட்டறையில் தானியேலுக்கு இருந்த வேலையும் முடிந்துவிட்டிருந்தது.

திருத்தணி மலையடிவாரத்தில் பிரபுதாஸின் டிரங்குப் பெட்டிப் பட்டறைக்குத் தனிப் பெயர். ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, காலி என்று காட்டி, மூடி, மேலே தானே ஏறி நின்ற பிறகுதான் விற்பார். அரக்கோணம் ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருப்பவர்கள் பெட்டிமேல்தானே உட்காருகிறார்கள்? மாப்பிள்ளைக்கும் அதே சோதனைதான். அவன் செய்யும் பெட்டியில் குழி விழுந்தால் பெண் கிடையாது.

இரண்டும் உடைந்த விமானங்களை ஏலம் விட்டபோது வாங்கிய அலுமினியத் தகடுகள். ஒன்று வாழையிலை போல மடங்கும். முழங்கையை ஊன்றினாலே பள்ளமாகிவிடும். மற்றது தட்டினால் மணி போல ஒலிக்கும். மடக்கினால் ஓரத்தில் விண்டுவிடும்.

தானியேல் மணித் தகட்டை எடுத்தான். மேகத்தைத் தொட்டுவிட்டு வந்த தகடு என்று நினைக்கும்போதே அவன் கை பரபரத்தது.

"விண்டுபோவும்டா! சத்தத்தைக் கேட்டு மயங்கி நானே எத்தினி தகட்டை வீணாக்கிட்டேன்!"

"பாத்துக்கினே இருங்க மா... ஐயா. ஒரு சோப்புத் துண்டு கிடைக்குமா?"

"ஏன், குளிச்சிட்டுத்தான் பொட்டி செய்வியா?"

தேவசுந்தரி சோப்பை நீட்டினாள். தானியேல் அதால் தகட்டின்மேல் கோடுகள் இழுத்து, உலை நெருப்பில் காட்டினான். சூடு போதும் என்பதற்கு அடையாளமாகக் கோடு கறுத்ததோ இல்லையோ, தகட்டைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினான். ஆவி அடங்குவதற்குள் மடக்கினான். தகடு துணி போல மடங்கியது. ஓரத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

தேவசுந்தரிக்குக் கை தட்டவேண்டும் போலிருந்தது.

பொழுது சாய்வதற்குள் பெட்டி முடிந்துவிட்டது. தானியேல் அதை ஒற்றை விரலில் தூக்கிக் காட்டினான். பிரபுதாஸ் வழக்கம்போலத் திறந்து பார்த்தார், மூடினார், ஏறினார்.

'டொக்!'

மூடியின் நடுவே கிண்ணம் போல ஒரு குழி.

"ரயில் எப்போன்னு தெரியுமில்ல?" என்றார்.

"ஐயா, சூடு காட்டினதால இன்னிக்கு மெத்துனு இருக்கு. நாலு நாள் விட்டா தானா இறுகிடும். ஏரோப்பிளேன் பட்டறையில இதே ஜாதி ஆணியைச் சூடு காட்டி ஐஸ் பொட்டியிலதான் வெச்சிருப்போம். வெளிய இருந்தா இறுகிப்போவும்னு."

"ஆணியை ஐஸ்ல வெச்சாங்களாம்! அது என்னா வஞ்சிர மீனா?"

"நாலு நாள்தானே நைனா!" என்றது கதவு. "ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் பாத்துடுங்க."

பிரபுதாஸ் கதவை முறைத்தார். "சரி. அன்னிக்கும் டொக்கு விழுந்தா அப்புறம் இந்தப் பேச்சே கிடையாது. ரெண்டு பேருக்கும்தான் சொல்றேன்."

தானியேல் மரச்சுத்தியால் உள்ளேயிருந்து தட்டிக் குழியைச் சமன் செய்தான். பெட்டியை அங்கேயே விட்டுவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை, சபையில் பாதிப் பேர் பட்டறைக்கு வந்துவிட்டார்கள். தானியேலுக்கு ஒரே சந்தேகம். ஆணி இறுகியதைப் பார்த்திருக்கிறான். பெட்டி? சோப்புக் கோடு இன்னும் கொஞ்சம் கறுத்திருக்க வேண்டுமோ?

பிரபுதாஸ் செருப்பைக் கழற்றினார். பெட்டியைச் சுற்றி வந்தார். குனிந்து மூடியின் ஓரத்தை விரலால் ஒருமுறை தடவினார். நிமிர்ந்து மகளைப் பார்த்தார். பிறகு ஏறினார்.

சத்தமே இல்லை.

ஒரு குதி குதித்தார். அப்போதும் இல்லை.

"இறுகிடுச்சு! இறுகிடுச்சு!" பட்டறையே கூவியது. தானியேல் ஆடாத குறைதான். "பாத்தீங்களா ஐயா? தானாவே இறுகிடுச்சு!"

"ஆங், இறுகிடுச்சு." இறங்கிய பிரபுதாஸ் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்னா ஐயா? மாமான்னு கூப்பிடு."

எல்லோரும் காபிக்கு உள்ளே போனார்கள். தானியேல் குனிந்து ஒற்றை விரலால் பெட்டியைத் தூக்கினான். அசையவில்லை. இரண்டு கையாலும் தூக்கினான். அப்போதும் அரைச் சாண்தான் எழும்பியது.

"சுந்தரி, என்ன இது?"

"மெதுவா பேசுங்க. என் துணிமணி, பைபிள் எல்லாம் அதுலதான் இருக்கு. ஒரு இடுக்கு விடாம திணிச்சிருக்கேன். நைனா வேணாம்னு சொன்னா, மதிய ரயிலுக்கே உங்ககூடக் கிளம்பிடலாம்னு... திறந்து பாத்தா பாக்கட்டும், தெரியட்டும்னுதான் இருந்தேன்."

தானியேலின் முகம் வாடியது. "அப்போ தகடு இறுகலையா? ஐயோ பாவம், மாமாவை ஏமாத்திட்டோமே! நல்லவேளை, அவர் திறக்கலை."

"எதுக்குத் திறக்கணும்?" என்றாள் தேவசுந்தரி. அவள் கண் நிறைந்திருந்தது. "மூடி இடுக்குல என் பச்சைப் புடவைத் தலைப்பு வெளிய நீட்டிக்கினு இருந்துச்சு. நைனா அதை விரலால உள்ள தள்ளிட்டுத்தான் மேல ஏறினாரு."