பச்சையாக ஏதாவது

வசந்தம் வந்தால் பல் டாக்டரம்மா நகரத்து ஆற்றங்கரைக்குப் பறவை பார்க்க ஒரு கூட்டத்தையே கூட்டிப் போவார். அதில் புதிதாகச் சேர்ந்த பஸ் டிரைவர்தான் அவருக்குத் தலைவலி. எல்லாரும் மரத்தைப் பார்த்தால், அவர் பைனாகுலர் மட்டும் தண்ணீரோரப் புதரையே துழாவும்.

"அண்ணே, மேல பாருங்க!"

"பச்சையா ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்கம்மா, போதும்."

ஒருநாள் பச்சைப் பஞ்சுருட்டான் குருவி ஒன்று கிளையில் வந்து உட்கார்ந்தது.

"அண்ணே, ஓடி வாங்க! நீங்க கேட்ட பச்சை!"

விழுந்தடித்து வந்தவர், பறவையைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஏண்ணே, பிடிக்கலையா?"

"நான் தேடுறது பறவையை இல்லம்மா." குரல் உடைந்தது. "போன மழையில என் பொண்ணை இந்த ஆறு இழுத்துக்கிட்டுப் போச்சு. பச்சைச் சட்டை போட்டிருந்தா. தேடினவங்க கைவிட்டுட்டாங்க. அந்தத் துணியாவது கிடைக்காதான்னு பாக்குறேன். தனியா நின்னா சந்தேகப்பட்டு விரட்டுறாங்க. அதான் உங்ககூட சேர்ந்தேன். தப்புன்னா வர்றதை நிறுத்திடறேன்."

டாக்டரம்மா தன் பைனாகுலரைக் கழற்றிப் பையில் வைத்தார். மற்றவர்களைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். பிறகு டிரைவரைக் கைகொடுத்து எழுப்பினார்.

"பறவையை நாளைக்குப் பாத்துக்கலாம். வாங்கண்ணே, எல்லாருமா ஆத்துப் பாலத்துக்கு அந்தப் பக்கமும் தேடுவோம்."