கம்பி உள்பக்கம்

கடைசி ஆணியையும் அடித்துவிட்டு, நாலடி பின்னால் தள்ளி நின்று என் வேலியை நானே ரசித்துக்கொண்டிருந்தேன்.

இருபத்திரண்டு கம்பங்கள். நூல் பிடித்தாற்போல் நேர் வரிசை. ஒவ்வோர் இடைவெளியையும் இன்ச் டேப்பால் மூன்று முறை அளந்திருந்தேன். ஆணி இறங்கவேண்டிய இடத்தைச் சாக்பீஸால் குறித்திருந்தேன். தொழில் புத்தி எங்கே போகும். நான் தையற்காரன்.

வேலிக்கு அந்தப் பக்கம் என் மனைவியின் பதினோரு செம்மறிகள். இந்தப் பக்கம் வீடு, முற்றம், முற்றத்தைத் தாண்டினால் தார் ரோடு. போன மாதம் வரை ஆடுகள் பன்னிரண்டு. ஒன்று பழைய வேலியை முட்டிக்கொண்டு ரோட்டுக்குப் போய் லாரியில் அடிபட்டது. இன்னொன்று போனால் எல்லாவற்றையும் விற்றுவிடுவதாகச் சொல்லியிருந்தாள்.

அவளுக்கு ஆடு போய்விடும் என்ற கவலை. எனக்கு நான் போகவேண்டிவரும் என்ற கவலை.

நகரத்தில் பெரிய கடை போட்டுவிட்டு உன்னைக் கூப்பிடுகிறேன் என்று போனவன் நான். இரண்டு வருடம் கழித்து ஒரு பையும் ஒரு கத்தரிக்கோலுமாக வந்து முற்றத்தில் நின்றேன். அவள் ஏசவில்லை. ஏசியிருந்தால் சொல்வதற்குப் பதில் தயாராக வைத்திருந்தேன். தீவன அறையைக் கைகாட்டினாள். வேலி முடியும் வரை அங்கே படுத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான் பேச்சு.

சாப்பாடு பின்வாசல் படிக்கு வந்துவிடும். தட்டைக் குழாயடியில் கழுவி அதே படியில் வைத்துவிடுவேன்.

புத்தியுள்ளவன் என்றால் இந்த வேலையை இழு இழு என்று இழுத்திருப்பான். எனக்கு அது யாரும் சொல்லித்தர வேண்டிய வித்தையும் இல்லை. ஒரு சட்டைக்காக ஊரையே நாளைக்கு வா, நாளைக்கு வா என்று நடக்கவிட்டவன். அப்படிப்பட்டவன் பிறந்ததிலிருந்து முதல்முறையாக ஒரு வேலையைச் சொன்ன தேதிக்கு முன்பே முடித்திருந்தேன். பதினேழே நாள். என் சீட்டை நானே கிழித்துக்கொண்டு, நெஞ்சை வேறு நிமிர்த்தி நின்றேன்.

அவள் தீவன வாளியோடு வந்தாள். வேலியைப் பார்த்தாள். வாளியைத் தட்டினாள்.

ஆடுகள் ஓடிவந்தன. முதலில் கிடா. அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்திருந்தேன். ஒரு வேலையும் செய்யாது, எல்லாவற்றையும் வந்து மோந்து பார்த்துவிட்டுப் போகும்.

மேனேஜர் என் வேலியை மோந்து பார்த்தது. பிறகு தோளைக் கொடுத்து ஒரு தள்ளு தள்ளியது. கோபமெல்லாம் இல்லை. வாளி இந்தப் பக்கம் இருந்தது.

டக்கென்று ஓர் ஆணி தெறித்தது. அடுத்தது. அதற்கடுத்தது. தொப்பைக்காரன் சட்டைப் பொத்தான்கள்போல வரிசையாகத் தெறித்து, நாலு கம்பத்துக் கம்பி வலை அப்படியே கழன்று என் காலடியில் விழுந்தது. கம்பங்கள் மட்டும் அசையாமல் நேராக நின்றன. அளவு அவ்வளவு சுத்தம்.

பதினொன்றும் என்னைத் தாண்டி ரோட்டைப் பார்த்து ஓடின.

நானும் ஓடினேன். அதை ஓட்டம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தங்குவதும் போவதும் அப்போது ஞாபகத்திலேயே இல்லை. இன்னொன்று அடிபட்டால் அவள் என்ன ஆவாள் என்று மட்டும்தான் பயமாக இருந்தது.

ரோட்டுக் கதவு சாத்தியிருந்தது. சங்கிலி சுற்றிப் பூட்டும் போட்டிருந்தது. பகலெல்லாம் ஆவென்று திறந்து கிடக்கிற கதவு. என் நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டு அதைப் பிடித்தபடி மூச்சு வாங்கினேன்.

அவள் ஓடவே இல்லை. வாளியை ஆட்டி எல்லாவற்றையும் தன் பின்னால் கூட்டிக்கொண்டு போய்ப் பட்டியில் அடைத்துவிட்டு வந்தாள்.

“கம்பி உள்பக்கம் வரணும்னு சொன்னேன்ல.”

சொன்னாள்தான், முதல் நாளே. நானும் உள்பக்கம்தான் அடித்திருந்தேன். தையற்காரனுக்கு உள்பக்கம் என்றால் உடம்பு இருக்கிற பக்கம். உடம்பு வீட்டில்தானே இருக்கிறது. அதனால் கம்பத்துக்கு வீட்டுப் பக்கமாக வலையை வைத்து அடித்தேன். ஆட்டுக்காரர்களுக்கு உள்பக்கம் என்றால் ஆடு இருக்கிற பக்கமாம். அங்கே அடித்திருந்தால், ஆடு தள்ளத் தள்ள வலை கம்பத்தின்மேல் அழுந்தி நின்றிருக்கும். எத்தனையோ தொப்பைகளுக்குச் சட்டை தைத்தவனுக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

மிச்சமிருந்த பதினெட்டுக் கம்பங்களிலும் ஆணியைப் பிடுங்கி, வலையை அந்தப் பக்கம் மாற்றி, முதலிலிருந்து அடிக்கவேண்டும். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் குறடை என் கையில் கொடுத்தாள்.

“ஆணிய வளைக்காம பிடுங்குங்க. ஒண்ணும் அவசரமில்ல. தண்ணி வேணும்னா உள்ள போய்க் குடிங்க.”

இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தச் சமையலறைக்குள் போனேன். செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு நிமிர்ந்தேன்.

அடுப்புக்கு நேர் எதிரே ஜன்னல். ஜன்னல் நிறைய என் வேலி. எந்தப் பக்கம் ஆணி இறங்கியிருக்கிறது என்பது, கண்ணாடி போடாத என் கண்ணுக்கே தெரிந்தது.

அவள் பத்து வயதிலிருந்து ஆடு வளர்ப்பவள். பதினேழு நாளும், மூன்று வேளையும், இந்த இடத்தில் நின்றுதான் சமைத்திருக்கிறாள்.

ரோட்டுக் கதவை யார் பூட்டியிருப்பார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தண்ணீரைக் குடித்துவிட்டு வெளியே வந்தேன். குறடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மாலைக்குள் மூன்று ஆணி பிடுங்கிவிட்டேன்.