பரஸ்தானம்

பீரோச் சாவியைப் பூணூலில் முடிந்துகொண்ட பிறகுதான் ரங்கநாதனுக்குக் காபி தொண்டையில் இறங்கியது. பீரோவுக்குள் மகன் ஹரிஷின் பாஸ்போர்ட் பத்திரமாக இருந்தது. இனி அமெரிக்காவே நேரில் வந்து கூப்பிட்டாலும் பையன் பெங்களூர் ராமமூர்த்தி நகரைத் தாண்ட முடியாது.

அந்த நேரம் பார்த்து அவர் மனைவி தமயந்தி ஒரு புது சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு வாசல்படி இறங்கினாள்.

“எங்கே கிளம்பிட்டே?”

“அனந்தலக்ஷ்மி மாமி ஆத்துக்கு. பரஸ்தானம் வெக்கணும்.”

விமானம் வெள்ளிக்கிழமை. அன்றைக்கு நாள் சரியில்லை. அதனால் இன்றே நல்ல நேரத்தில் பெட்டியை அடுத்த வீட்டில் வைத்துவிட்டால், பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம். வருஷம் தொண்ணூற்றெட்டு. அந்தத் தெருவில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான் அமெரிக்கா போயிருந்தார்கள்.

ரங்கநாதன் தடுக்கவில்லை. பெட்டி தாராளமாகப் போகட்டும், பாஸ்போர்ட் நம்மிடம்தானே என்று சிரித்துக்கொண்டார்.

அடுத்த வீட்டில் மாமி பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் கோலம் போட்டுத் தயாராக இருந்தாள்.

“ஹரிஷ் வரலையாடி? போறவா கையாலன்னா வெக்கணும்?”

“நாழியாறது மாமி. இப்படி வெக்கட்டுமா?”

பதிலுக்குக் காத்திராமல் தமயந்தி பெட்டியைக் கிழக்கே பார்த்து வைத்தாள். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றாள். மாமிக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் உள்ளே பால் பொங்கிவிட்டது, ஓடினாள்.

ரங்கநாதன் வீட்டில் ஒரு மாதமாகவே யுத்தம். ரெண்டாயிரம் பிறந்தால் பழைய கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் தேதி குழம்பிவிடும் என்று, அதைச் சரிசெய்ய அமெரிக்காக்காரன் பெங்களூரில் ஆள் பிடித்துக்கொண்டிருந்தான். விடிந்தும் விடியாததுமாக வெளிநாட்டிலிருந்து போன் வரும். ஹரிஷ் எடுத்துக் குரலைத் தாழ்த்திப் பேசுவான். அவன் சாயங்காலத்தில் கம்ப்யூட்டர் கிளாஸுக்கு வேறு போய்க்கொண்டிருந்தான். ரங்கநாதனுக்கு இதற்குமேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

அவர் அரசாங்க ஃபாக்டரியில் ஸ்டோர்ஸைக் கட்டிக் காத்து ரிடையரானவர். போன வருஷம் மகனை அங்கேயே இன்ஜினியராகச் சேர்த்துவிட்டார். தமயந்தியும் அதே ஃபாக்டரியில்தான். இருபது வருஷமாகக் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் ஒரு பழைய மெஷினுக்குப் புரோகிராம் எழுதுகிறாள். அந்த மெஷினின் பாஷையை இப்போது படிக்கிற பிள்ளைகள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. திங்கட்கிழமையிலிருந்து அவள் வேலைக்குப் போகவில்லை. ஏன் என்று ரங்கநாதன் கேட்கவில்லை. அவளைக் கேட்கிற வழக்கம் அவருக்கு எந்த நாளும் இருந்ததில்லை.

பெட்டியை வைத்துவிட்டு வந்தவளைப் பிடித்துக்கொண்டார்.

“கவர்ன்மென்ட் வேலை. பஸ் விடறான், ஆஸ்பத்திரி வெச்சிருக்கான், கேன்டீன்ல சாப்பாடு போடறான். இதை விட்டுட்டுப் போறவாளுக்கு மூளை இருக்கா?”

“மூளை இருக்கறதாலதானேன்னா கூப்பிடறா.”

“அங்கே ஒண்டியா யார் சமைச்சுப் போடுவா?”

“சமைக்கத் தெரிஞ்சவாளுக்கு என்ன கவலை? தெரியாதவாதான் இனிமே கத்துக்கணும்.”

“ஆயுசுக்கும் யாரும் வெளியே போன்னு சொல்ல மாட்டான். அது போறாதா?”

“போறாது. ஆர்டரே இல்லாத ஃபாக்டரி. காத்தால கார்டைப் பஞ்ச் பண்ணிட்டு, சாயங்காலம் வரைக்கும் ஃபேன் சுத்தறதைப் பாத்துண்டு உக்காந்திருக்கணும். தெரிஞ்ச வேலையைச் செய்ய விடாம உக்கார வெச்சுச் சோறு போட்டா, அது மரியாதையா? எனக்குப் பத்திண்டு வரது.”

அவள் குரல் அவ்வளவு உயர்ந்து ரங்கநாதன் கேட்டதில்லை. பிள்ளைக்காக இப்படி வக்காலத்து வாங்குகிறாளே என்று பல்லைக் கடித்தார். பூணூலை இழுத்துச் சாவியை ஆட்டிக் காட்டினார்.

“நீ ஆயிரம் பேசு. நான் விட்டாத்தானே?”

“யாரும் உங்களை விடச் சொல்லிக் கேக்கலையே,” என்றாள் தமயந்தி.

ஹரிஷ் ஷூ மாட்டிக்கொண்டு, டிபன் பாக்ஸோடு வெளியே வந்தான். ரங்கநாதன் வழிமறித்தார்.

“உன் பாஸ்போர்ட் என்கிட்ட இருக்குடா. எப்படிப் போறேன்னு பாக்கறேன்.”

“நான் எங்கேப்பா போறேன்? சும்மா கத்தாதீங்கோ. ஃபாக்டரி பஸ் போயிடும்.” அம்மாவிடம் தலையசைத்துவிட்டு, தெருமுனைக்கு ஓடிவிட்டான்.

ரங்கநாதனால் ஒரு கணம் நம்ப முடியவில்லை. பிறகு சந்தோஷம் தாங்கவில்லை. ஈஸிசேரில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டார். ஒரு மாத யுத்தத்தில் ஜெயித்தாகிவிட்டது.

அப்போது அனந்தலக்ஷ்மி மாமி கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள்.

“தமயந்தி, எனக்கு மனசே சரியில்லடி. ஹரிஷை ஒரு தடவை வந்து அந்தப் பெட்டியைத் தொட்டுட்டாவது போகச் சொல்லு. போறவா வெக்கலேன்னா பரஸ்தானம் செல்லாது.”

ரங்கநாதன் வாய்விட்டுச் சிரித்தார்.

“அவன் ஃபாக்டரிக்குக் கிளம்பிப் போயாச்சு மாமி. எங்கேயும் போகலைன்னு அவன் வாயாலேயே சொல்லிட்டான். பெட்டியைத் திருப்பிக் குடுத்துடுங்கோ. இவளுக்கு ஒரு பரஸ்தானம்கூட ஒழுங்கா வெக்கத் தெரியலை.”

தமயந்தி ஈரக் கையைப் புடவைத் தலைப்பில் நிதானமாகத் துடைத்துக்கொண்டாள்.

“ஒழுங்காத்தான் வெச்சிருக்கேன். போறது நான்.”