மார்க்கெட் ரேட்

ஒன்பது வருடமாக அந்த மென்பொருள் நிறுவனத்தில் இருக்கும் புனிதவதி, அஸ்வத்தை நேர்காணல் செய்து தேர்ந்தெடுத்த பிறகுதான் அவனுடைய சம்பளத்தைப் பார்த்தாள். அவளுடையதைப்போல் இரண்டு மடங்கு.

“எனக்கு, சார்?” என்று மேலாளர் கிரிதரனிடம் கேட்டாள்.

“வெளியிலேர்ந்து வர்றவங்களுக்குத்தாம்மா மார்க்கெட் ரேட். நீங்க நம்ம வீட்டு ஆள்.”

மதியமே ராஜினாமாவை அனுப்பினாள். பத்தே நிமிடத்தில் அவர் அவளுடைய இருக்கைக்கு ஓடிவந்தார்.

“அஸ்வத்துக்குத் தர்ற அதே சம்பளம் உங்களுக்கும் தர்றோம். முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா.”

“பத்து நிமிஷத்துல இவ்வளவு தர முடிஞ்சதுன்னா, ஒன்பது வருஷம் ஏன் சார் தரலை?”

கிரிதரன் சிரித்தார். அது பதில் சொல்லவேண்டிய கேள்வி என்றே அவருக்குத் தோன்றவில்லை. இந்த மனிதருக்கா இத்தனை வருடம் பயந்தோம் என்று அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அவர் நின்றுகொண்டே இருந்தார். அவள் எழுந்திருக்கவில்லை.