மோட்டாரற்ற மண்டலம்

“அணுகுண்டையே விட்டுக் குடுத்திருக்கான் அண்ணாச்சி, நீங்க ஒரு மோட்டாருக்கு இப்படி யோசிக்கீயளே!”

சுவிசேஷமுத்து சார் ஒப்பந்தம் எழுதிய நோட்டைக் கையெழுத்துக்கு நீட்டினார். பாளையங்கோட்டைக் கல்லூரியில் முப்பது வருஷம் உலக அரசியல் நடத்தி ஓய்வு பெற்றவர். தெருவின் கடைசி வீடு அவருடையது. மாநகராட்சிக் குழாயில் ஆளாளுக்கு மோட்டார் மாட்டி உறிஞ்சியதில், அந்த வீட்டுக்குக் காற்றுதான் வந்துகொண்டிருந்தது.

காசிலிங்கத்துக்குத் தர்மசங்கடம். தெருவிலேயே பெரிய மோட்டார் அவருடையது. நாளைக்கு மகளுக்கு வளைகாப்பு வேறு. மாப்பிள்ளை வீட்டிலிருந்து நாற்பது பேர் வருகிறார்கள்.

“அணுகுண்டுக்கும் நம்ம தெருவுக்கும் என்ன சார் இருக்கு?”

“லத்தீன் அமெரிக்காவுல முப்பத்திமூணு நாடு, எங்க மண்டலத்துக்குள்ள குண்டே கூடாதுன்னு ஒப்பந்தம் போட்டிருக்கு. ஒருத்தன் வச்சிருந்தா அடுத்தவனும் வாங்குவான். ஒருத்தனும் வச்சிக்கிடலன்னா பயமே இல்ல. மோட்டார் இல்லன்னா தண்ணி தானா எல்லா வீட்டுக்கும் வரும்லா?”

“நான் கழத்துன பிறவு எவனாவது ஒளிச்சு வச்சிருந்தான்னா?”

“அதுக்குத்தான் எல்லாத்தையும் ஒரே எடத்துல பூட்டி வைக்கோம். கஜகஸ்தான்காரன் தன் மண்ணுல கெடந்த குண்டையெல்லாம் ரஷ்யாட்ட ஒப்படைச்ச பிறவுதான் மத்திய ஆசியாவுல இதே மாதிரி ஒப்பந்தத்துல சேந்தான். அஞ்சு வீட்டு மோட்டாரும் என் ஷெட்டுக்கு வந்தாச்சு. உங்களதுதான் பாக்கி.”

“நாளைக்கு ஒருநா கழியட்டுமே” என்று உள்ளேயிருந்து மனைவி பேச்சியம்மாள் குரல் கொடுத்தாள்.

காசிலிங்கத்துக்கு வெட்கமாகப் போயிற்று. தெருவில் இதுவரை மோட்டாரே வாங்காத ஒரே மனுஷன் சார்தான். அவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது? கையெழுத்துப் போட்டார். மோட்டாரைக் கழற்றி, தானே ஸ்கூட்டரில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

“உலகத்துக்கே வழி காட்டிட்டீய அண்ணாச்சி!” என்று சார் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மறுநாள் காலை ஆறு மணி, தண்ணீர் விடும் நேரம். காசிலிங்கம் வீட்டுக் குழாய் நாலு சொட்டு விட்டுவிட்டு நின்றுபோனது.

“எவனோ ஏமாத்திட்டான்! வாரவங்களுக்கு கை கழுவ என்னத்த குடுக்க?” பேச்சியம்மாள் அழாத குறை.

அவர் ஆத்திரத்தோடு தெருவுக்கு வந்தார். ஐந்து வீட்டுக்காரர்களும் காலிக் குடத்தோடு ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

“ஏலே, எவம்லே ஒளிச்சு வச்சிருக்கது?”

“நாங்க இல்ல அண்ணாச்சி. சத்தம் அங்கனயில்லா கேக்குது!”

கடைசி வீட்டு மாடித் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. காசிலிங்கம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஆறு வருஷமாகத் தினமும் காலையில் கேட்ட சத்தம், அவருக்கா தெரியாது?

ஓடிக்கொண்டிருந்தது அவருடைய மோட்டார்தான்.