பனிக்கட்டியில் வைத்த பாதி

இரண்டாவது படம் திரையில் வந்ததும் சில்கே நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

முதல் படத்தில் சிவப்புப் புள்ளிகள் அப்பிக் கிடந்தன. ஒவ்வொன்றும் சண்டைக்குத் தயாராகிவிட்ட ஒரு நோயெதிர்ப்புச் செல்.

இதில் சிவப்பு அங்கொன்று இங்கொன்றுதான்.

இரண்டும் ஒரே மனிதனுடையவை. குழந்தையில்லாத யாரோ ஒருவனின் விந்தகத்திலிருந்து கிள்ளியெடுத்த, அரிசியளவு சதை.

வழக்கமாக அதை நொதியில் போட்டு, உடல்சூட்டில் ஒரு மணி நேரம் குலுக்கிக் கரைத்துத்தான் செல்களைப் பிரிப்பாள். இன்று காலை என்னவோ தோன்றியது. பாதியை மட்டும் பனிக்கட்டியில் வைத்து, நொதியே சேர்க்காமல், சல்லடையில் மெல்ல அழுத்திப் பிரித்தாள்.

அந்தப் பாதிதான் இப்படி அமைதியாக இருந்தது.

“கோபக்காரங்க எல்லாம் சல்லடையில நசுங்கிச் செத்திருந்தா?” என்றான் டோர்பென்.

செல்களை எண்ணிப் படம் காட்டும் கருவியை இயக்குகிறவன். எட்டு வருடமாக அவளை வம்புக்கு இழுப்பவன். கான்டீனில் பருப்பு சூப் தீர்ந்துவிடும் என்று பன்னிரண்டுக்கே ஓடுகிறவன், இன்று நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

நல்ல கேள்விதான். பனிக்கட்டியில் பிரித்த செல்களில் கொஞ்சத்தை அவள் பிறகு அதே நொதியில், அதே சூட்டில் வைத்திருந்தாள். அந்தக் குழாயை நீட்டினாள். அவன் அதைக் கருவியில் பொருத்தினான்.

புள்ளிகள் ஒன்றிரண்டாக வந்தன. பிறகு கூட்டங்கூட்டமாக. எல்லாம் சிவப்பு.

“பாரு, சும்மா கிடந்ததுங்களை நாமதான் உசுப்பிவிட்டிருக்கோம்,” என்றாள் சில்கே.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அடங்கியது. இதுவரை இங்கிருந்து போன சிவப்புப் படங்களை நம்பி, உன் உடம்பே உன் விந்தணுக்களை அழிக்கிறது என்று மருத்துவர் அந்த மனிதனிடம் சொல்லியிருப்பார். அவன் அதை வீட்டில் சொல்லியிருப்பான்.

“ஒரு தடவை பாத்ததை வச்சு எதுவும் சொல்ல முடியாது. அதே ஆள்கிட்ட இன்னொரு துணுக்கு வேணும். அங்க போய் மறுபடி கத்தி வைக்க எவன் சம்மதிப்பான்?”

“சம்மதிப்பான். எடுத்தது இடது பக்கம். வலது பக்கம் இன்னும் அப்படியேதான் இருக்கு.”

சில்கே திரும்பி அவனைப் பார்த்தாள்.

மருத்துவமனையிலிருந்து வரும் குழாயில் ஓர் எண்தான் இருக்கும். பெயர் இருக்காது. எந்தப் பக்கம் என்றும் இருக்காது.

டோர்பென் அதற்குள் ஜன்னலோரம் போய், மனைவியைத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருந்தான்.